மணல் தேய்த்த அடி

பெசன்ட் நகரில் ஊரூர் குப்பத்துக்கும் ஆல்காட் குப்பத்துக்கும் முன்னால் நிற்கும் ஃபைபர் போட்டுகளில் ஏதாவது ஒன்று கவிழ்த்துப் போடப்பட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பட்டினப்பாக்கத்திலும், சாந்தோமை ஒட்டிய நொச்சிக்குப்பத்திலும் இதே காட்சிதான். காலை நடைக்கு வருகிறவர்கள் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். கொஞ்சம் நின்று பார்த்தால், பெயின்ட் டப்பாவுக்குப் பதிலாக ஒரு ரெசின் கேனும், வெள்ளை வெளேரென்று சுருட்டி வைத்த கண்ணாடி இழைப் பாயும், மூக்கில் ஏறும் ஒரு காட்டமான நெடியும் இருக்கும். படகுக்காரர் தம் வீட்டு வாசலிலேயே படகின் அடியைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார். பட்டறை கிடையாது, ஷெட் கிடையாது. ஆனால் அவர் கையாளும் பொருள்களுக்குள் நடப்பது, பல்கலைக்கழக ஆய்வகத்தில் பாடமாக நடத்தக்கூடிய பாலிமர் வேதியியல்.

இந்தப் படகுகள் கடலில் கெடுவதைவிடக் கரையில் கெடுவதுதான் அதிகம். சென்னையின் மீன்பிடித் துறைமுகம் வடக்கே காசிமேட்டில் இருக்கிறது. தென்சென்னைக் குப்பங்களுக்குத் துறைமுகமும் இல்லை, படகுத் துறையும் இல்லை, மணல்தான் துறை. ஒவ்வொரு நாளும் படகு அலைமேல் ஏறி வந்து மணலில் முட்டி நிற்க வேண்டும், பிறகு ஆட்கள் தோள் கொடுத்தோ, சில இடங்களில் டிராக்டரில் கயிறு கட்டியோ மேட்டுக்கு இழுக்க வேண்டும். எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி, மீன் எல்லாம் சேர்த்து முக்கால் டன் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு பாரமும் அடியில் நீளவாட்டில் ஓடும் கீல் என்ற விளிம்பின் மேல், ஒரு சாண் அகலம்கூட இல்லாத ஒரு பட்டையின் மேல் இறங்குகிறது.

கீழே இருக்கும் மணல் சாதாரணமானதல்ல. அதில் பெரும்பங்கு குவார்ட்ஸ். ஈர மணலில் கறுப்புக் கோடுகளாகத் தெரிவதில் இல்மனைட்டும், லேசாகச் சிவப்படிக்கும் இடங்களில் கார்னெட்டும் கலந்திருக்கும். கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படும் கனிமம். மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடி அதற்குக் கீழே, ஏறக்குறைய 5.5. படகின் அடியில் கண்ணாடி இழைகளைப் பிடித்திருக்கும் கெட்டிப்பட்ட பாலியஸ்டர் ரெசின் இரண்டையும்விட மென்மை. ஆக, மணலில் இழுபடும்போது முதலில் ரெசின் போகிறது. அதன் பிடியில் இருந்த கண்ணாடி இழைகள் வெளியே தலைகாட்டுகின்றன. பிடிமானம் இல்லாத இழை அடுத்த இழுப்பில் ஒடிந்து விழுகிறது. கீலின் பின்பகுதியும், நிறுத்தி வைக்கும்போது படகு சாயும் பக்கத்து வளைவும் முதலில் தேய்வது இதனால்தான். எஞ்சினின் பாரம் பின்னால். சாய்வின் பாரம் பக்கத்தில்.

தேய்மானத்தைக் கண்ணால் அளப்பதில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 6 மில்லிமீட்டர் இருந்த அடித்தகடு 4 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று, இன்னும் இரண்டு பங்கு இருக்கிறதே என்று தோன்றும். கணக்குப்படி விறைப்பில் மிஞ்சியிருப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. விறைப்பு குறைந்த அடி ஒவ்வொரு அலையடிக்கும் உள்வாங்கி வெளித்தள்ளும். அப்படி வளைந்து வளைந்து ரெசினில் மயிரிழை விரிசல் விழுகிறது, விரிசல் வழியே தண்ணீர் புகுகிறது. ஓட்டை விழுந்த பிறகு பழுது பார்ப்பது என்றால், ஓட்டைக்கு வெகுநாள் முன்பே படகு பலவீனப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கட்டுமரத்துக்கும் மணல் தேய்மானம் உண்டு. ஆனால் அதன் அமைப்பிலேயே அதற்கு மருந்தும் இருந்தது. எடை குறைந்த மரங்களைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்து, ஆணி இல்லாமல் செய்த மிதவை அது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே தூக்கிக்கொண்டு போய் மேட்டில் காய வைத்துவிடலாம். நீர் குடித்த மரம் கனக்கும், காய்ந்தால் மீண்டும் லேசாகும். ஒரு மரம் தேய்ந்து போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஓட்டை என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் உள்ளே தண்ணீர் புகாமல் காக்க வேண்டிய குடைவான வயிறே அதற்குக் கிடையாது. பழுது பார்ப்பதையும் சேர்த்து வடிவமைத்த ஒரு கலத்தை, பழுது பார்க்கத் தனி அறிவு தேவைப்படும் ஒரு கலத்துக்கு நாம் மாற்றிக்கொண்டோம். மாற்றம் தவறு என்று நான் சொல்லவில்லை. ஃபைபர் போட்டில் வேகம் உண்டு, இடம் உண்டு, நனையாமல் உட்கார முடியும். அந்தத் தனி அறிவைப் படகோடு சேர்த்துக் கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மாற்றத்தின் ஒரு பகுதி மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே சிந்திக்கப்பட்டது. 1979இல் சுவீடன் நிதியுதவியுடன் உணவு வேளாண்மை நிறுவனம் வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியபோது அதன் தலைமையகம் சென்னையில் அமைந்தது. இன்று அது நாடுகளுக்கிடையிலான அமைப்பாக அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் இயங்குகிறது. கிழக்குக் கரையின் அலைமுறியும் பகுதியைத் தாண்டி வந்து நேராக மணலில் ஏறக்கூடிய படகை உருவாக்க 1980களில் அந்தத் திட்டம் பல மாதிரிகளைச் செய்து பார்த்தது. நார்வேயைச் சேர்ந்த கப்பல் வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்ட்சன் அந்தப் பணியில் முக்கியமானவர். கரையேறும்போது விசிறியை மேலே தூக்கிவிடும்படி எஞ்சினையே சுழல் அச்சில் பொருத்தும் ஏற்பாடு அந்த முயற்சிகளில் வந்ததுதான். அங்கும் தீராத தலைவலி எடைதான்: வலுவாகக் கட்டினால் இழுக்க முடியாது, இழுக்கத் தக்கபடி லேசாகக் கட்டினால் அலை அடித்து நொறுக்கும்.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமியில் போன கட்டுமரங்களுக்கு ஈடாக அரசும் தொண்டு நிறுவனங்களும் கொடுத்தவற்றில் பெரும்பாலானவை ஃபைபர் போட்டுகள். அவசரத்தில் ஏராளமாகச் செய்ததால் தரம் ஒன்றுபோல் இருக்கவில்லை. வெளியே பளபளக்கும் பூச்சுக்குள்ளே எத்தனை அடுக்கு இருக்கிறது என்று வாங்கும்போது யாருக்கும் தெரியாது. அடி தேய்ந்து கிரைண்டர் வைக்கும்போதுதான் தெரியவரும்.

இது நம் குப்பங்களுக்கு மட்டும் உரிய தொல்லை அல்ல. கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகைகள் செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் 1960களின் இறுதியில், கடற்கரை மணலிலிருந்தே தள்ளிவிட்டுத் திரும்ப மணலிலேயே ஏற்றக்கூடிய சிறிய இரட்டை உடல் பாய்மரப் படகுகளை வடிவமைத்தார். அடியில் துருத்திக்கொண்டிருக்கும் பலகை எதுவும் அவற்றில் கிடையாது. அந்த வேலையை உடலின் கத்தி போன்ற அடிவிளிம்பே செய்துவிடும். உலகம் முழுக்கப் பரவிய அந்தப் படகுகளின் சொந்தக்காரர்கள் இன்றும் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் படகைக் கவிழ்த்துப் போட்டு, தேய்ந்த அடிவிளிம்பில் கண்ணாடி இழை ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆல்காட் குப்பத்து வாசலில் நடக்கும் அதே வேலை. பொருளும் அதுவே, எதிரியும் அதே குவார்ட்ஸ் மணல்தான்.

ஃபைபர் என்று சுருக்கமாகச் சொன்னாலும் உள்ளே இருப்பவை இரண்டு பொருள்கள். ஒன்று கண்ணாடி இழை. ஓர் இழையின் விட்டம் 10 முதல் 20 மைக்ரான் வரை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. ஜன்னல் கண்ணாடி எளிதில் உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பில் உள்ள நுண்கீறல்கள். இவ்வளவு மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமே இல்லாததால், புதிதாக இழுத்த இழை சாதாரண எஃகைவிடப் பல மடங்கு இழுவிசை தாங்கும். ஆனால் இழைக்கு விறைத்து நிற்கத் தெரியாது, துணிபோல் துவளும். அதை ஒரு வடிவத்தில் பிடித்து வைப்பது இரண்டாவது பொருளான ரெசின். ரெசின் தனியாக நொறுங்கும், இழை தனியாகத் துவளும். பாரத்தை ஓர் இழையிலிருந்து இன்னோர் இழைக்குக் கைமாற்றுவதுதான் ரெசினின் வேலை. அந்தக் கைமாற்றம் எங்கே அறுகிறதோ அங்கேதான் படகு உடைகிறது. பழுது பார்ப்பதன் முழு அர்த்தமும், பழைய இழையிலிருந்து புதிய இழைக்குப் பாரம் போக ஒரு வழி அமைப்பதுதான். ஓட்டையை அடைப்பது அதன் பக்க விளைவு மட்டுமே.

ஓட்டையில் எம்-சீல் ஒட்டுக்களிம்பை அப்பி அடைப்பது நிலைக்காததன் காரணமும் இதில் இருக்கிறது. வீட்டுக் குழாயில் அது நன்றாகவே வேலை செய்யும். படகின் அடியில் அது தண்ணீரை நிறுத்தும், ஆனால் இழை இல்லாத வெறும் கட்டி என்பதால் பாரம் அதன் வழியே போகாது. சுற்றியுள்ள தகடு வளையும்போது கட்டி வளையாது, ஓரத்தில் விட்டுப்போகும். ரெசினில் பவுடர் கலந்து பட்டி பார்ப்பதற்கும் இதே எல்லைதான். பள்ளத்தைச் சமப்படுத்தப் பட்டி சரி, பலத்துக்கு உதவாது.

வேலை தொடங்குமுன் அடியை முழுக்கத் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயமோ ஸ்பேனரின் பின்பக்கமோ போதும். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்தில், நடுவே சிக்கிய காற்றாலோ தண்ணீராலோ ஓசை மொத்தையாகிவிடும். சுற்றி ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே போனால் கண்ணுக்குத் தெரிந்த சேதத்தைவிடச் சாக்பீஸ் வட்டம் பெரிதாக இருக்கும். மேல்பூச்சான ஜெல்கோட்டில் மட்டும் விழுந்த விரிசல் வேறு, உள்ளே இழைவரை இறங்கியது வேறு. ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் நாலாபக்கமும் ஓடும் விரிசல் என்றால் அங்கே ஏதோ அடி விழுந்திருக்கிறது. உள்பக்கம் இழை வெளுத்திருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். கண்ணாடி இழை ரெசினின் பிடியிலிருந்து விடுபட்டால் வெள்ளையாகத் தெரியும். நல்ல தகட்டில் இழையே கண்ணுக்குப் புலப்படாது.

அடுத்தது காய வைப்பது. பொறுமையைச் சோதிக்கும் கட்டம் இதுதான், பெரும்பாலான பழுதுகள் கெடுவதும் இங்கேதான். அறுந்த இழையின் முனை தண்ணீரை உறிஞ்சி, இழைக்கும் ரெசினுக்கும் இடையே உள்ள நுண்வழியில் விரல் நீளத்துக்குக்கூட உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். சரிபார்க்க எளிய வழி உண்டு: பாலித்தீன் ஷீட்டில் ஒரு சதுரம் வெட்டி, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி, ஒரு பகல் வெயிலில் விடுங்கள். ஷீட்டின் உட்புறம் நீர்த்துளி பூத்திருந்தால் இன்னும் நாளாகும்.

நம் கடற்கரையில் இதற்கு ஒரு கூடுதல் சிக்கல், உப்பு. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். சென்னைக் கரையில் ஈரப்பதம் அந்த அளவுக்குக் கீழே போவது அபூர்வம். அதாவது உப்பு படிந்த அடி எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் முழுக்கக் காயாது. பகலில் இழந்ததை இரவில் திரும்ப இழுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே காய வைக்க வேண்டும். குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் குப்பத்தில் படகுக்கு நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்வது பெரிய கோரிக்கைதான் என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும் ரெசினில் மிச்சம் பிடிப்பதைவிட இந்தச் செலவு லாபம்.

(நங்கூரமிட்டு மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடக்கும் ஃபைபர் படகுகளுக்கு இன்னொரு நோய் உண்டு. தண்ணீர் ஜெல்கோட் வழியே மெதுவாகக் கசிந்து, உள்ளே கரையக்கூடிய வேதிப்பொருள்களைக் கரைத்து, சவ்வூடு பரவல் அழுத்தத்தால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். தினமும் கரையேறிக் காயும் நம் படகுகளுக்கு அந்தத் தொல்லை குறைவு. மேட்டில் ஏற்றிக் காய வைக்கும் கட்டுமர வழக்கம் ஃபைபருக்கும் நல்லதாகவே அமைந்துவிட்டது.)

இனி கிரைண்டர். 36 அல்லது 40 எண் எமரி டிஸ்க் போட்டு, பிரிந்த அடுக்கு முழுவதையும் எடுக்க வேண்டும். எடுத்த பள்ளத்தின் ஓரம் செங்குத்தாக இருக்கக் கூடாது. தகட்டின் தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 5 மில்லிமீட்டர் தகடு என்றால் சுற்றிலும் 6 சென்டிமீட்டர் சரிவு. 10 சென்டிமீட்டர் ஓட்டைக்கு 22 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தோண்ட வேண்டியிருக்கும். நல்லாயிருக்கும் இடத்தையும் ஏன் தேய்க்கிறாய் என்று வேடிக்கை பார்க்கிறவர்கள் கேட்பார்கள். முழுக்கக் கெட்டிப்பட்ட பழைய பாலியஸ்டரோடு புதிய ரெசின் வேதிப்பிணைப்பு பெரிதாக ஏற்படுத்திக்கொள்ளாது. புதிதாகப் படகு கட்டும்போது, நேற்று வைத்த அடுக்கில் இன்னும் வினைபுரியாத முனைகள் மிச்சமிருப்பதால் இன்று வைப்பது அதனோடு ஒன்றாகிவிடும். பத்து வருஷப் பழைய தகட்டில் அந்த முனைகள் இல்லை. அங்கே கிடைப்பது சொரசொரப்பான பரப்பில் ரெசின் ஊன்றிக்கொள்ளும் பிடி மட்டுமே. பிடி பலவீனமானால் பரப்பைக் கூட்டு: சரிவின் தத்துவம் அவ்வளவுதான்.

சரியாகத் தேய்த்த சரிவைக் கிட்டே குனிந்து பார்ப்பது ஒரு தனி அனுபவம். வெளி ஓரத்தில் ஜெல்கோட்டின் நீலமோ பச்சையோ ஒரு கோடாகத் தெரியும். அதற்குள் ஒரு பாய் அடுக்கு, தாறுமாறாகக் கிடக்கும் குட்டை இழைகளோடு. அதற்கும் உள்ளே கட்டம் கட்டமாக நெசவுத் துணி அடுக்கு. பிறகு மறுபடி பாய். படகு கட்டிய நாளில் அச்சுக்குள் எந்த வரிசையில் என்ன வைத்தார்கள் என்ற கணக்கு அந்தச் சரிவில் வளையம் வளையமாக எழுதியிருக்கும். எங்காவது வளையத்துக்கு நடுவே பளபளப்பான, இழையே இல்லாத பழுப்புத் திட்டு தெரிந்தால், கட்டும்போது அங்கே ரெசின் குளம்போல் தேங்கியிருக்கிறது. சாம்பல் நிறப் பொடி உதிர்ந்தால் யாரோ முன்பு பட்டி வைத்து மறைத்த இடம். அந்த வரிசையை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதே வரிசையில் திரும்ப வைப்பதுதான் நேர்மையான பழுது.

கடையில் 300, 450, 600 என்று கேட்டு வாங்கும் ‘மேட்’ என்ற இழைப் பாயின் எண், சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் கண்ணாடி என்பதைக் குறிக்கும். 450 மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும். எடையில் கண்ணாடி 30 சதவீதம் இருக்க வேண்டும் என்று கொண்டால், சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் ரெசின் போதும். கைவேலையில் இதற்கு ஒன்றரை மடங்கு ஊற்றிவிடுவது சகஜம். ரெசின் கூடினால் பலம் கூடும் என்ற நம்பிக்கைதான் காரணம். கூடுவது எடை மட்டும். பலம் இழையில் இருக்கிறது.

ரெசின் என்பது ஸ்டைரீனில் கரைத்த பாலியஸ்டர். நீளமான பாலியஸ்டர் சங்கிலிகளுக்கு நடுவே ஸ்டைரீன் மூலக்கூறுகள் பாலம் போட்டு முப்பரிமாண வலையாக்கிவிட்டால் திரவம் திடமாகிவிடும், பிறகு எந்தச் சூட்டிலும் திரும்ப உருகாது. பாலம் போடும் வேலையைத் தொடங்கி வைப்பது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. கடையில் கேட்டலிஸ்ட் என்றோ ஹார்டனர் என்றோ கொடுப்பார்கள். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு போதும். அதைச் சாதாரண வெப்பநிலையிலேயே சிதைய வைப்பதற்காக ஊதா நிறத்தில் வரும் கோபால்ட் ஆக்சிலரேட்டர். இந்த இரண்டையும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டு, பிறகுதான் கேட்டலிஸ்ட். இதில் விளையாட்டே கூடாது.

வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ரெசின் உறையும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். மார்கழிக் காலையில் அரை மணி நேரம் கொடுக்கும் கலவை, அக்னி நட்சத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் மக்கிலேயே கட்டிவிடும். அதுவும் கலவை குவியலாக இருந்தால் வினையின் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமெடுக்கும். ஒரு கிலோ மக்கில் கலந்து மறந்துவிட்டால் புகைந்து விரிசல்விட்டுப் பாறையாகிவிடும். கோடையில் கேட்டலிஸ்டைப் பாதியாகக் குறைத்துச் சமாளிக்கப் பார்ப்பது தவறு. ஒரு சதவீதத்துக்கும் கீழே போனால் வலை முழுமையடையாமல், வருஷக்கணக்கில் மென்மையாகவே இருந்துவிடும். அளவைக் குறைக்காமல் கலவையைக் குறைக்க வேண்டும்: அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி, நிழலில் வைத்து வேலை செய்வது நல்லது. பாட்டில் மூடியால் அளக்கும் பழக்கம் பரவலாக உண்டு. எல்லா மூடியும் ஒரே அளவல்ல. மருந்துக்கடையில் கிடைக்கும் பத்து மில்லி ஊசி வாங்க ஆகும் காசு மிகச் சிறிது.

எந்த நேரத்தில் வைப்பது? காலையில் வெயில் ஏற ஏறச் செய்வதைத்தான் அதிகம் பார்க்கிறேன். அதில் ஒரு தீங்கு இருக்கிறது. தகட்டின் நுண்துளைகளில் உள்ள காற்று சூடேறும்போது விரிந்து, உறையாத ரெசினுக்குள் குமிழியாக ஏறும். வெப்பம் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் வைத்தால் அதே காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். ஆகவே கழுவிக் காய்ந்த அடியைப் பகலில் சூடேற விட்டு, பிற்பகலில் தார்ப்பாய் கட்டி நிழலாக்கி, மூன்று நாலு மணிக்கு மேல் தொடங்கி, பனி இறங்குமுன் உறைந்துவிடும்படி முடிப்பது நல்லது. கடல்காற்று அந்த நேரத்தில் மணலை வாரி அடிக்கும் என்பதால் தார்ப்பாய் இரட்டை வேலை செய்யும். தூசியை அசிட்டோனால் துடைத்தால் அது ஆவியாகும்போது பரப்பைக் குளிர்வித்து, நம் புழுக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தை உண்டாக்கும். துடைத்ததும் ஒட்டாமல், பரப்பு பழைய சூட்டுக்கு வரும்வரை பொறுக்க வேண்டும்.

முதலில் சரிவின் மேல் வெறும் ரெசின் ஒரு கை. அதன்மேல் வெட்டி வைத்த மேட். மேட்டில் குட்டை இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரையும். பிரஷ்ஷால் குத்திக் குத்தி நனைக்கும்போது, விறைப்பாக இருந்த பாய் தண்ணீர் பட்ட அப்பளமாகத் துவண்டு வளைவோடு படிந்துவிடுவதைப் பார்க்கலாம். வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் தெளிவாக வேண்டும். வரிவரியான இரும்பு ரோலரை நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினால் சிக்கிய காற்று வெளியேறும். வெள்ளையாக நிற்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குமிழி, நாளை தண்ணீர் தங்கும் ஓர் அறை. பெரிய துண்டை முதலில் வைப்பதா, சிறியதை முதலில் வைப்பதா என்பதில் இரு கட்சி உண்டு. நான் பெரியது முதலில் என்ற கட்சி. பழைய தகட்டின் மிக அதிகப் பரப்பை ஒரே முழுத் துண்டு பிடித்துக்கொள்ளும். கடைசியில் மட்டம் பார்த்துத் தேய்க்கும்போது மேலே உள்ள சிறிய துண்டுகளின் ஓரம்தான் தேயும், பிடித்திருக்கும் துண்டு அறுபடாது.

கடைசி அடுக்கு மறுநாளும் பிசுபிசுப்பாக இருந்தால் பதற வேண்டாம். காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் பாலம் போடும் வினையைத் தடுக்கிறது. அடுத்த அடுக்கு ஒட்ட அது நல்லதுங்கூட. இறுதிப் பூச்சில் மட்டும் சிறிது மெழுகு கலந்த ரெசின் வேண்டும். மெழுகு மேலே மிதந்து காற்றை மறைத்துவிடும். பாலியஸ்டருக்குப் பதிலாக எப்பாக்சி ரெசின் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய பாலியஸ்டர் மேல் எப்பாக்சி மிக நன்றாகப் பிடிக்கும், பாலியஸ்டரைவிட மேலாகவே. ஆனால் எப்பாக்சி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. விலை அதிகமான எப்பாக்சியில் ஒருமுறை இறங்கினால் அந்த இடத்தில் அதோடுதான் தொடர வேண்டியிருக்கும்.

இந்த வேலை வாசலில் நடப்பதால், மூச்சில் போவது படகுக்காரருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் விளையாடும் குழந்தைகளுக்கும்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் ஒரு படி உயர்த்தியது. முகத்தில் கட்டும் துண்டு கண்ணாடித் தூசியில் கொஞ்சம் தடுக்கும், ஸ்டைரீன் ஆவியைத் துளியும் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும், காற்று முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நிற்க வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகலாம். ஒரு குடம் நல்ல தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவதும், தெறித்தால் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுவதும் அவசியம். தேய்த்த தூசியை மணலில் அப்படியே விடாமல், அடியில் ஒரு தார்ப்பாய் விரித்து வாரி எடுப்பதும் வேலையில் ஒரு பகுதிதான்.

தேய்வதற்கென்றே கீலின் மேல் கூடுதலாக அடுக்கு வைப்பது நல்ல பழக்கம். அதற்கும் ஒரு வரம்பு வேண்டும். 5 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், 450 மேட்டில் நாலு அடுக்கு என்றால், சரியான அளவில் ரெசின் ஊற்றினாலே 6 கிலோ. தாராளமாக ஊற்றினால் 8 கிலோ தாண்டும். பழையதைத் தேய்த்து எடுக்காமல், ஒவ்வொரு தடவையும் மேலேயே வைத்துக்கொண்டு போனால் சில பழுதுகளுக்குப் பிறகு படகு ஓர் ஆள் எடை கூடியிருக்கும். கூடிய எடை மணலில் கூடுதலாக அழுந்தும், அழுந்துவதால் அடி வேகமாகத் தேயும், தேய்ந்ததும் மறுபடி மேலே வைப்பார்கள். முன்பு ஆறு பேர் இழுத்த படகுக்கு எட்டுப் பேரைக் கூப்பிடுகிற நாள் வரும். அந்த நாள் வராமலிருக்க, ஒவ்வொரு பழுதிலும் அடியில் என்ன எடுத்தோம், என்ன வைத்தோம் என்று நிறுத்துப் பார்க்க ஒரு தராசு இருந்தால் போதும். மீன் நிறுக்கும் தராசே போதுமானது.